மேளத்துக்கு ஒரு மனு

“மேளம் உண்டுங்களா?”

ஊர்வலத்துக்கு மனு எழுத யார் வந்து நின்றாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான். எத்தனை பேர், எந்த வழி, எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அப்புறம். மேளம் உண்டு என்று சொல்லிவிட்டால் மனுவில் ஒரு பத்தி கூடும். போலீசிலிருந்து வருகிற உத்தரவில் நாலு நிபந்தனை கூடும். ஊரில் எதிர்மனு கொடுக்கவும் ஒருத்தர் கிளம்பிவிடுவார். எந்தத் தெருவில் நடப்பது என்று பாதிச் சண்டை, எந்த இடத்தில் அடிப்பது என்று மீதிச் சண்டை. நாற்பது வருஷத்துக்கு மேலாக நான் பார்த்த ஊர்வலத் தகராறெல்லாம் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும்.

என் கடை காந்திபுரத்தில், கிராஸ்கட் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் நம்பர் போட்ட வீதிகளில் ஒன்றில் இருக்கிறது. அகலம் ஏழடி. கோவை நகராட்சி மாநகராட்சியான 1981-ல்தான் நானும் ஒரு தமிழ் ரெமிங்டன் மிஷினை வாங்கிப் போட்டு, ‘ஜாப் டைப்பிங்’ என்று போர்டு மாட்டினேன். முதல் மாதம் பூராவும் வந்த வேலை, சங்கங்களின் பழைய லெட்டர் பேடில் ‘நகராட்சி’க்கு முன்னால் ‘மா’ சேர்ப்பதுதான். 1990-ல் ஊருக்குப் போலீஸ் கமிஷனர் வந்தார். ‘உயர்திரு காவல் கண்காணிப்பாளர் அவர்கள்’ என்று அடித்துப் பழகிய விரல் ‘காவல் ஆணையாளர் அவர்கள்’ என்று மாற ஒரு வருஷம் பிடித்தது. மிஷின் போய் கம்ப்யூட்டர் வந்தது. ஜெராக்ஸ் வந்தது. ஒரு பழக்கம் மட்டும் போகவில்லை: அடிக்கிற ஊர்வல மனு ஒவ்வொன்றிலும் ஒரு நகல் எனக்கு. கார்பன் நகல், ஸ்டென்சில் நகல், ஜெராக்ஸ் என்று நாலு டிரங்குப் பெட்டி சேர்ந்துவிட்டது. வீட்டில் அதைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட நாலைந்து தரம் முயன்று தோற்றுவிட்டார்கள்.

பெட்டியைத் திறந்தால் ஊரே வரிசையாக நடந்து வரும். மாரியம்மன் நோம்பிக்குப் பூவோடு எடுக்கிறவர்கள், தீர்த்தக்குடம் கொண்டு வருகிறவர்கள், மில் சங்கத்து மே தினப் பேரணி, மீலாது ஊர்வலம், குருத்தோலை பவனி, கட்சிக்காரர்கள், கட்சியிலிருந்து பிரிந்த கட்சிக்காரர்கள். ஒரு தரம் சர்க்கஸ் கம்பெனி மேனேஜர் ஒருவர், யானை மூன்றையும் ஒட்டகம் ஒன்றையும் நூறடி ரோட்டில் நடத்திப் போக மனு எழுத வந்தார். மேளம் உண்டுங்களா என்று கேட்டேன். பேண்டு செட் உண்டு என்றார். யானைக்கு ஒரு நிபந்தனையும் வரவில்லை, பேண்டுக்கு இரண்டு வந்தது.

உத்தரவில் என்னென்ன இருக்கும் என்பது எனக்கு மனப்பாடம். சாலையின் இடப்பக்கமாக இத்தனை பேர் வரிசையாகப் போக வேண்டும். ஆம்புலன்ஸ் வந்தால் வழி விட வேண்டும். குறித்த நேரத்தில் தொடங்கிக் குறித்த நேரத்தில் முடிக்க வேண்டும். பிற மதத்தாரையோ சாதியாரையோ புண்படுத்தும் கோஷம் கூடாது. கம்பும் ஆயுதமும் கூடாது. கூம்பு ஒலிபெருக்கி கூடாது. பட்டாசு கூடாது. காந்திபுரத்தில் மேம்பாலம் வந்த பிறகு பாலத்தின் மேல் ஏறக் கூடாது என்பதும் சேர்ந்தது. வழிபாட்டுத் தலம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் முன்பு மேளத்தை நிறுத்த வேண்டும். பொதுச்சொத்துக்குச் சேதம் வந்தால் மனுதாரரே பொறுப்பு. இந்தக் கடைசி வரியைப் படித்துக் காட்டும்போது மட்டும் மனுதாரர் என் முகத்தைப் பார்ப்பார். அதுவரைக்கும் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

இதையெல்லாம் யார் முதலில் எழுதினார்கள் என்று எனக்கு வெகுநாளாக ஒரு நமைச்சல். வக்கீல் குமாஸ்தாக்களிடம் கேட்டேன், பழைய சட்டப் புத்தகக் கடைகளில் துழாவினேன். கடைசியில் விடை ஒன்று கல்லில் கிடைத்தது, கரூரில்.

உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போன இடத்தில் பசுபதீஸ்வரர் கோயிலுக்குப் போயிருந்தோம். கல்வெட்டு படிக்கத் தெரிந்த வாத்தியார் ஒருவர் கூட வந்தார். அந்தக் கோயிலில் கொங்குச் சோழர் காலத்து அரச ஆணை ஒன்று உண்டு. கொடுத்த அரசன் தன் பெயரைச் சொல்லவில்லை. ‘கோனேரின்மைகொண்டான்’ என்ற பட்டத்தோடு நிறுத்திக்கொள்கிறான். ஆணை வெங்கால நாட்டுக் கண்மாளருக்கு, அதாவது தச்சு, கொல்லு, தட்டார் வேலை செய்தவர்களுக்கு. பதினைந்தாவது ஆட்சியாண்டு ஆடி மாதத்திலிருந்து அவர்கள் தங்கள் வீட்டு நன்மைக்கும் தீமைக்கும் இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம், பேரிகை கொட்டிக்கொள்ளலாம். வெளியே போக வேண்டிய இடங்களுக்குச் செருப்புப் போட்டுக்கொண்டு போகலாம். வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். அவ்வளவுதான் விஷயம்.

வாத்தியார் அதை ஓர் உரிமைச் சாசனமாகப் பார்த்தார். நான் டைப்பிஸ்ட், எனக்கு அது ஓர் ஆர்டர் காப்பியாகத்தான் தெரிந்தது. யாருக்கு, எப்போதிலிருந்து, எதற்கு என்று நம் உத்தரவுகளில் இருக்கிற மூன்றும் அதில் இருக்கின்றன. மனு மட்டும் நம் கைக்கு வரவில்லை. ஆனால் மனு இல்லாமல் இப்படி ஒரு ஆணை வருமா? அந்தக் கண்மாளர்கள் எத்தனை கல்யாணத்தை ஒற்றைச் சங்கோடும், எத்தனை சாவை மேளமில்லாமலும் முடித்துவிட்டுப் போய் நின்றார்களோ. சங்கு இரண்டா ஒன்றா என்பதில் ஓர் அரசனுக்கு என்ன நஷ்டம் என்று கேட்டால், அவனுக்கு ஒன்றுமில்லை. பக்கத்துத் தெருக்காரனுக்குத்தான் நஷ்டம். தனக்கு மட்டும் என்று நினைத்திருந்த சத்தம் இன்னொருத்தன் வாசலிலும் கேட்கிறதே என்கிற நஷ்டம். பின்னாளில் வலங்கை, இடங்கை என்று ஊர் ஊராக நடந்த மோதல்களிலும் கொடி, குடை, பந்தல், மேளம், எந்தத் தெரு என்பதுதான் வழக்கு. கும்பினிக் கலெக்டர்கள் அந்தத் தாவாக்களைத் தீர்த்துத் தீர்த்துச் சலித்துப்போனார்கள்.

பிறகு சட்டம் காகிதத்துக்கு வந்தது. சென்னை மாகாணத்துக்கு 1859-ல் ஒரு போலீஸ் சட்டம், நாட்டுக்குப் பொதுவாக 1861-ல் ஒரு போலீஸ் சட்டம். சிப்பாய்க் கலகம் அடங்கிய சூட்டோடு எழுதியவை. இந்த 1861-ன் முப்பதாவது பிரிவைத்தான் பேப்பரில் ‘30(2) அமல்’ என்று அடிக்கடி போடுகிறார்கள். நான் அதை எழுத்தெழுத்தாகத் தமிழில் அடித்துக் கொடுத்திருக்கிறேன், ஆகவே தெரியும். ஊர்வலம் எந்த வழியில், எந்த நேரத்தில் போக வேண்டும் என்று போலீஸ் சொல்லலாம் என்பது முதல் உட்பிரிவு. கட்டுப்பாடில்லாமல் விட்டால் அமைதி கெடும் என்று தோன்றினால் லைசென்ஸ் வாங்கச் சொல்லி அறிவிக்கலாம் என்பது இரண்டாவது. லைசென்சில் பெயரும் நிபந்தனையும் இருக்க வேண்டும், கட்டணம் எதுவும் வாங்கக் கூடாது என்பது மூன்றாவது. நாலாவது உட்பிரிவு தனியாக நிற்கிறது: பண்டிகைக்கும் சடங்குக்கும் தெருவில் எவ்வளவு வாத்தியம் வாசிக்கலாம் என்பதையும் போலீஸ் ஒழுங்குபடுத்தலாம். மீறினால் அபராதம் இருநூறு ரூபாய் வரை. வெள்ளைக்காரன் துப்பாக்கிக்குப் பயந்து எழுதிய சட்டத்தில் தவிலுக்கும் தப்பட்டைக்கும் ஒரு தனி உட்பிரிவு ஒதுக்கியிருக்கிறான். அவனும் வந்த உடனே கேட்டிருப்பான் போல, மேளம் உண்டா என்று.

இரண்டாவது உட்பிரிவை நிதானமாகப் படித்தால் ஒன்று புரியும். எல்லா ஊர்வலத்துக்கும் எப்போதும் லைசென்ஸ் வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆபத்து தெரிந்தால், அறிவித்தால், அப்போது வேண்டும். ஆனால் அந்த அறிவிப்பைப் பதினைந்து பதினைந்து நாளாக நீட்டிக்கொண்டே போவது வழக்கமாகிவிட்டால், விதிவிலக்கே விதி மாதிரி ஆகிவிடுகிறது. சென்னை நகரத்துக்கென்று 1888-ல் எழுதிய நகரக் காவல் சட்டமும் பின்னாளில் கோவைக்கு நீண்டது. அதிலும் ஊர்வலத்துக்கு ஒரு பிரிவு, நாற்பத்தொன்று. ஆக, காந்திபுரத்தில் ஒரு பூவோடு கிளம்ப வேண்டுமானால் இரண்டு பழைய சட்டங்களின் நிழலில்தான் கிளம்ப வேண்டும்.

வாத்தியம் எவ்வளவு ரத்தம் கேட்கும் என்பதற்குச் சேலம் சாட்சி. செவ்வாய்ப்பேட்டையில் பள்ளிவாசல் இருந்த வழியாக மேளத்தோடு ஊர்வலம் போகலாமா என்ற தகராறு கோர்ட்டுக்குப் போய், தெருவுக்கு வந்து, 1882 ஆகஸ்டில் பெரும் கலவரமாக வெடித்தது. தூண்டிவிட்டதாகப் பிடிபட்டவர்களில் ஒருவர் நகராட்சி உறுப்பினரான வக்கீல் சி. விஜயராகவாச்சாரியார். பத்து வருஷம் தீவாந்தர சிட்சை. அப்பீலில் விடுதலையானார். பறித்த நகராட்சி இடத்துக்காக அரசாங்கத்தின் மேலேயே வழக்குப் போட்டு, நூறு ரூபாய் நஷ்ட ஈடும் வாங்கினார். இதே ஆள்தான் 1920-ல் நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை வகித்தவர். சேலத்துக்காரர்கள் அவரைச் சொல்லும்போது காங்கிரசை முதலில் சொல்வார்கள். எனக்கு அந்த நூறு ரூபாய்தான் பெரிது.

அந்தத் தகராறின் தொடர்ச்சியாக 1883-ல் சென்னை உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு சொன்ன தீர்ப்பு இன்றைக்கும் மேற்கோளாக வந்துகொண்டிருக்கிறது. பொதுத்தெரு எல்லாருக்கும் பொது. மற்றவர்கள் நடமாட்டத்தைக் கெடுக்காமல், மாஜிஸ்திரேட் சொல்லும் ஒழுங்குக்குக் கட்டுப்பட்டு, யாரும் வாத்தியத்தோடு ஊர்வலம் போகலாம். தடுக்க வருகிறவனிடமிருந்து உரிமை உள்ளவனைக் காப்பாற்றுவது அதிகாரியின் கடமை. காப்பாற்றப் போதிய ஆள்பலம் இல்லாத நேரத்தில், உயிரைக் காக்க, நிறுத்தி வைக்கலாம். இந்தக் கடைசி வரிதான் நூற்று நாற்பது வருஷமாக எல்லாரும் பிடித்துக்கொண்டு தொங்குகிற கயிறு. 1924-ல் லண்டனில் பிரிவி கவுன்சிலும் வடநாட்டு வழக்கொன்றில் ஏறக்குறைய இதையே சொன்னது. சுதந்திரத்துக்குப் பின் 1972-ல் உச்ச நீதிமன்றம், ஆமதாபாத் வழக்கில், தெருவில் கூடுவதை ஒழுங்குபடுத்தலாம், ஒரேயடியாக இல்லை என்று சொல்ல முடியாது என்றது.

அதாவது ஊர்வலம் உரிமை. ஆனால் என் கடையில் மனுவின் பொருள் வரி, ‘அனுமதி வேண்டி பணிவுடன் விண்ணப்பம்’. என் மகன் வேலை நிமித்தம் பெல்ஃபாஸ்டில் இருக்கிறான். அந்த ஊரில் மேளமடித்துத் தெருவில் போவது நம்மைவிடப் பெரிய தகராறு. அதற்கென்றே 1998-ல் ஒரு சட்டமும், அணிவகுப்புக்கென்று ஓர் ஆணையமும் வைத்திருக்கிறார்கள். இருபத்தெட்டு நாளைக்கு முன்னால் படிவம் பூர்த்தி செய்து போலீசில் கொடுக்க வேண்டும். மகன் படிவத்தை அனுப்பி வைத்தான். என்ன கண்டேன் என்றால், அது அனுமதி கேட்கிற மனு இல்லை, இப்படிப் போகப் போகிறோம் என்று தெரிவிக்கிற அறிவிப்பு. வேண்டுமானால் ஆணையம் நிபந்தனை போடும். சில மாதா கோயில்களுக்கு முன்னால் ஒற்றை முரசுத் தட்டு தவிர வேறு வாத்தியம் கூடாது என்கிற நிபந்தனைகூட உண்டாம். கரூர்க் கண்மாளருக்கு இரட்டைச் சங்கு, பெல்ஃபாஸ்டுக்கு ஒற்றைத் தட்டு. ஒரு நாள் வேண்டுமென்றே ‘அனுமதி வேண்டி’ என்பதற்குப் பதில் ‘தெரிவித்தல் குறித்து’ என்று அடித்துக் கொடுத்தேன். மனுதாரர் சாயங்காலம் திரும்ப வந்தார். ஒரு ஸ்டேஷனில் அதைச் சிவப்பு மையில் சுழித்து அனுப்பியிருந்தார்கள். பழையபடி மாற்றிக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை.

அனுமதி கேட்காமல் நடந்த ஊர்வலங்களும் இந்த மண்ணில் உண்டு, அவைதான் வரலாற்றில் நின்றன. காந்தியை 1932 ஜனவரி 4-ல் கைது செய்து சட்ட மறுப்பு மறுபடி தொடங்கியதும், ஊர்வலம், கூட்டம், கொடி எல்லாவற்றுக்கும் தடை. அன்றைக்குக் கோவை மாவட்டத்தில் இருந்த திருப்பூரில் ஜனவரி 10-ஆம் தேதி பி.எஸ். சுந்தரம் தலைமையில் ஒரு சின்னக் கூட்டம் கொடியோடு கிளம்பியது. தடியடியில் மண்டை உடைந்த குமரன் மறுநாள் இறந்தார். வயது இருபத்தேழு. எங்கள் பக்கத்தில் கொடி பிடித்து நடக்கிற எந்தக் கட்சிக்காரரும் மனுவில் முகவரி எழுதும்போது குமரனை நினைப்பதில்லை. மேடையில் நினைப்பார்கள்.

மேளமே இல்லாமல் நான் கேட்ட பெரிய ஊர்வலச் சத்தம் மாட்டுக் கழுத்து மணியும் வண்டிச் சக்கரமும்தான். 1972 ஜூன். எனக்குப் பதினொரு வயது. அப்போது குடியிருந்தது கணபதியில், சத்தி ரோட்டை ஒட்டி. முந்தின வருஷங்களிலேயே மின்கட்டண உயர்வால் விவசாயிகள் கொதித்துக் கிடந்தார்கள். 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டு மூன்று விவசாயிகள் இறந்திருந்தார்கள். கட்டணம் திரும்பவும் ஏறியபோது, விவசாயிகள் தலைவர் வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு வண்டியைப் பூட்டிக்கொண்டு கோவைக்கு வாருங்கள் என்றார். வந்தார்கள். விடியலிலிருந்து வண்டி வண்டியாக ரோட்டில் போய்க்கொண்டே இருந்தது. எங்கம்மா வாசலில் தவலைத் தண்ணீர் வைத்தார், மாட்டுக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று. டவுனுக்குள் போன வண்டிகள் ரோட்டை அடைத்து நின்றன. மாட்டை அவிழ்த்து ஒரு பக்கம் கட்டிவிட்டால் வண்டியை யார் நகர்த்துவது? லாரியை ஸ்டேஷனுக்கு ஓட்டிப் போகலாம், நுகத்தடியை ஊன்றி நிறுத்திய வண்டியை என்ன செய்வது? கோவை அதுவரை அப்படி நின்றதில்லை.

இந்த ஞாபகம் எனக்கு 2018-ல் சுள்ளென்று வந்தது. அந்த வருஷம் ஆகஸ்டில் விநாயகர் சதுர்த்திக்கென்று மாநில அரசு விதி போட்டது. சிலை பீடத்தோடு பத்தடிக்கு மேல் கூடாது. ஒலிபெருக்கி காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம். சிலையை மினி லாரி, டிராக்டர் மாதிரி நாலு சக்கர வண்டியில்தான் கொண்டுபோக வேண்டும், மாட்டு வண்டி கூடாது. காரணம் நியாயமானதுதான், கூட்டத்தில் மாடு மிரண்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அதை அடிக்கும்போது கணபதி ரோட்டின் மணிச்சத்தம் காதில் கேட்டது.

சதுர்த்தி மனுக்களைப் பற்றி எழுதும்போது பெட்டியில் ஒரு கோடு தெரியும், கோட்டுக்கு முன், கோட்டுக்குப் பின் என்று. 1997 நவம்பர் கடைசியில் உக்கடத்தில் ஒரு போலீஸ்காரர் கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்த கலவரத்தில் 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டதும், 1998 பிப்ரவரி 14-ல் குண்டுகள் வெடித்து 58 பேர் இறந்ததும் இந்த ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு முன் நான் அடித்த மனுக்களில் வழி என்ற இடத்தில் ‘வழக்கமான பாதை’ என்று இரண்டே சொல் இருக்கும். அதற்குப் பின் வழித்தடம் ஒரு முழுப் பக்கம் ஆயிற்று. எந்தத் தெருமுனையில் திரும்புவது, எந்தக் கடை வழியாக, எத்தனை நிமிஷத்தில், வரைபடம் இரண்டு பிரதி. சிலையைக் கரைக்க முத்தண்ணன் குளத்துக்குப் போகிற வழியை ஒரு பிள்ளையார் கமிட்டி எனக்கு வாயால் சொல்ல, நான் அடிக்க, ராத்திரி பதினொன்று ஆகிவிட்டது. ஊரின் பயத்தை நான் பக்க எண்ணிக்கையில் அளந்தவன்.

தேர் விஷயம் வேறு. கோனியம்மனுக்கு மாசியில் ஒரு புதன்கிழமை தேர். ராஜவீதித் தேர்நிலைத் திடலில் கிளம்பி ஒப்பணக்கார வீதி, வைசியாள் வீதி, கருப்பக்கவுண்டர் வீதி சுற்றி நிலைக்கு வரும். ஜனங்கள் உப்பை அள்ளித் தேர் மேல் வீசுவார்கள். மின்வாரியத்துக்காரர்கள் கம்பியை அவிழ்த்தும் கட்டியும் தேரோடு வருவார்கள். தேர் உறுதியாக இருக்கிறதென்று சான்று, தீயணைப்பு வண்டி, மாநகராட்சி தண்ணீர் லாரி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கடிதம். தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில் 2022 ஏப்ரல் 27 அன்று சப்பரம் உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் செத்த பிறகு, எங்கள் பக்கத்துச் சின்னக் கோயில்காரர்கள்கூடத் தேரின் உயரத்தை டேப் வைத்து அளந்துகொண்டு வந்தார்கள். ஒப்பணக்கார வீதியில் அத்தர் ஜமாத் பள்ளிவாசல் இருக்கிறது. சமீப வருஷங்களில் தேருக்கு வருகிறவர்களுக்கு அங்கிருந்து தண்ணீர் பாட்டில் கொடுக்கிறார்கள். அதற்கு யாரும் என்னிடம் மனு எழுதவில்லை.

அரசாங்கமே நடத்துகிற ஊர்வலத்துக்கும் யாரும் மனு எழுத வருவதில்லை. 2010 ஜூன் 23-ல் செம்மொழி மாநாட்டுக்காக ‘இனியவை நாற்பது’ என்று நாற்பது அலங்கார ஊர்திகள் அவினாசி ரோட்டில் போனபோது, கடையைப் பூட்டிவிட்டுப் போய் நின்று பார்த்தேன். மேளம் அத்தனை வகை. நிபந்தனை எத்தனை என்று எண்ணத்தான் வழியில்லை.

2022-ல் ஆர்.எஸ்.எஸ். அணிவகுப்பு வழக்கு வந்தது. அதன் அரசியலை விடுகிறேன், காகிதத்தை மட்டும் சொல்கிறேன். மாநிலத்தில் ஐம்பது இடத்தில் அனுமதி கேட்டார்கள். செப்டம்பரில் தனி நீதிபதி அனுமதி சொன்னார், அரசு மறுத்தது. அக்டோபர் 23-ல் கோவை கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்பு கார் வெடித்தது. நவம்பர் 4 உத்தரவில் 44 இடத்துக்கு, அதுவும் சுற்றுச்சுவருக்குள் நடத்தச் சொல்லி, அனுமதி வந்தது. மறுத்த ஆறில் கோவை, மேட்டுப்பாளையம், பொள்ளாச்சி, பல்லடம் என்று நாலு எங்கள் பக்கம். 2023 பிப்ரவரி 10-ல் இரு நீதிபதி அமர்வு அந்த நிபந்தனையை ரத்து செய்தது. ஏப்ரல் 11-ல் உச்ச நீதிமன்றம் அரசின் அப்பீலைத் தள்ளியது. ஏப்ரல் 16-ல் அணிவகுப்பு நடந்தது. ஒரு சாயங்கால நடைக்கு ஏழு மாதம். இரண்டு தரப்பும் கோர்ட்டில் நீட்டியது, நல்லதோ கெட்டதோ, 1883-ல் முழு அமர்வு எழுதிய அதே இரண்டு வாக்கியங்களில் ஆளுக்கொன்று. உரிமை உள்ளவனைக் காப்பாற்று என்பது ஒருவருக்கு, ஆள்பலம் போதாதபோது நிறுத்து என்பது இன்னொருவருக்கு.

கரூருக்கே திரும்ப வர வேண்டியிருக்கிறது. 2025 செப்டம்பர் 27, சனிக்கிழமை ராத்திரி, வேலுச்சாமிபுரத்தில் நடிகர் விஜய் கட்சியின் பிரசாரக் கூட்டத்தில் நெரிசல். 41 பேர் இறந்தார்கள், குழந்தைகளும் அதில். அக்டோபர் 13-ல் உச்ச நீதிமன்றம் விசாரணையை சி.பி.ஐ.க்கு மாற்றியது. ரோட்டில் நடக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் பயணத்துக்கும் புதிதாக விதி வகுக்கும் வேலையும் உயர்நீதிமன்றத்தின் கண்காணிப்பில் நடந்தது. தண்ணீர், கழிப்பறை, கூட்டத்தின் அளவுக்கேற்ற முன்பணம் எல்லாம் பேச்சில் வந்தது. நெரிசலுக்கு அடுத்த வாரம் என்னிடம் வந்த மூன்று மனுக்காரரும், நான் கேட்காமலேயே, எத்தனை பேர் வருவார்கள் என்று குறைத்துச் சொன்னார்கள். எப்போதும் கூட்டிச் சொல்கிறவர்கள். நான் முதல் தடவையாக என் முதல் கேள்வியை மாற்றினேன். வெளியே போக எத்தனை வழி இருக்கிறது என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. இரட்டைச் சங்குக்கு ஆணை வெட்டிய அதே ஊர்க் கோயிலிலிருந்து வேலுச்சாமிபுரம் வெகுதூரமில்லை.

பெட்டியில் ஒரு நகல் தனியாக, பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது. வருஷம் 2017. ஒரு பெரியவரும் அவர் மகனும் வந்தார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். பேரனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஊர்கோலம் காலனியிலிருந்து கிளம்பி ஊர்த்தெரு வழியாக, மாரியம்மன் கோயிலைத் தாண்டி, மெயின் ரோட்டு மண்டபத்துக்குப் போக வேண்டும். அந்தத் தெருவில் அவர்கள் வீட்டு ஊர்கோலம் அதுவரை போனதில்லை.

“மேளம் உண்டுங்களா?” என்றேன்.

பெரியவர் சிரித்தார். “நாங்கதானுங்க சாமி மேளமே.”

ஐம்பது வருஷமாக அந்த ஊர் நோம்பிக்கும் சீருக்கும் சாவுக்கும் தப்பட்டை அடிக்கிறவர். “சாமியெல்லாம் வேண்டாமுங்க, அண்ணான்னே கூப்பிடுங்க” என்றேன். மகன் என்னைச் சார் என்று கூப்பிட்டான். மகன்தான் சட்டம் தெரிந்து வந்திருந்தான். 1955-ன் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தில் ஊர்வலம் எடுப்பதைத் தடுப்பது குற்றம் என்று இருக்கிறது, அதைப் போடுங்கள் என்றான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015-ல் திருத்தி, 2016 ஜனவரி 26 முதல் அமலுக்கு வந்த பகுதியையும் போடச் சொல்லி போனில் காட்டினான். பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதையும், செருப்பும் புதுத்துணியும் போடுவதையும், கல்யாண ஊர்வலம் போவதையும், அதில் குதிரையிலோ வண்டியிலோ ஏறி வருவதையும் தடுத்தால் குற்றம் என்கிற பகுதி. அடித்துக்கொண்டே வந்தவன் செருப்பு என்ற சொல்லில் நின்றுவிட்டேன். கரூர்க் கல்லில் படித்துக் காட்டிய அதே செருப்பு. இடையில் எழுநூறு, எண்ணூறு வருஷம்.

உத்தரவு பன்னிரண்டு நாளில் வந்தது. பதினான்கு நிபந்தனை. பந்தோபஸ்து உண்டு, தெரு உண்டு, நேரம் உண்டு. ஒன்பதாவது: மாரியம்மன் கோயில் முன்பாக நூறு அடி தூரத்துக்கு மேளம் வாசிக்காமல் கடந்து செல்ல வேண்டும்.

பெரியவர் அதை இரண்டு தரம் படிக்கச் சொன்னார்.

“நோம்பிக்கு நான் அங்க நின்னுதானுங்க அடிக்கறேன். அடிக்காட்டி அம்மன் கிளம்பாதுங்கறாங்க. இப்ப மட்டும் எப்பிடீங்க நிறுத்தறது?”

என்னிடம் பதில் இல்லை. எல்லா உத்தரவிலும் வருகிற நிபந்தனைதான், ஆயிரம் தரம் அடித்திருப்பேன். மகன் மேலே எழுதிப் போடலாம் என்றான். பெரியவர் வேண்டாம் என்றார், தேதி நெருங்கிவிட்டது. மூன்று காப்பி போடச் சொன்னார், ஸ்டேஷனுக்கு ஒன்று, ஊர்க்கவுண்டருக்கு ஒன்று, மாப்பிள்ளை பாக்கெட்டுக்கு ஒன்று.

கல்யாணம் முடிந்து ஒரு வாரம் கழித்து மகன் ஸ்வீட் பாக்ஸோடு வந்தான். எப்படி நடந்தது என்று கேட்டேன். எல்லாம் நல்லபடியாக நடந்தது சார் என்றான். அப்பாவே முன்னால் நின்று அடித்துக்கொண்டு வந்தாராம். கோயில் தெரிந்ததும் குச்சியைத் தூக்கிக் காட்டினாராம், எல்லோரும் நிறுத்திவிட்டார்களாம். இருநூறு பேர் பேசாமல் நடந்தார்களாம். அந்த நூறு அடிக்கும் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது சார் என்றான்.